1911 பிஸ்டலில் புது பேரல் புஷ் பொருத்துவது எப்படி

1911 ரக பிஸ்டலில் குறி சிதறுகிறது என்றால் ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முன்வாயில் உட்கார்ந்து பேரல் (குழல்) முனையைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன வளையத்தை, அதாவது பேரல் புஷ்ஷை, முதலில் சந்தேகப்படுவது சரிதான். ஆனால் எவ்வளவு டைட்டோ அவ்வளவு நல்லது என்று நினைத்து வேலையைத் தொடங்காதீர்கள். ஸ்லைடு முழுதாக மூடி பேரல் பூட்டிக்கொண்ட நிலையில் மட்டும்தான் புஷ் அதை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

காரணம், ஜான் பிரவுனிங் வகுத்த இயக்கம். சுட்டதும் பேரல் ஸ்லைடோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போகும், பிறகு அடியில் இருக்கும் லிங்க் என்ற சின்ன இணைப்புத் துண்டு இழுக்க அதன் பின்பக்கம் தாழ்ந்து ஸ்லைடிலிருந்து விடுபடும். அப்போது புஷ்ஷுக்குள் பேரலின் சாய்வும் மாறுகிறது. அதற்கு இடமில்லாவிட்டால் ஒவ்வொரு சூட்டிலும் பேரல் நெம்பப்படும், லிங்க் அடிவாங்கும், கடைசியில் புஷ்ஷே விரிசல் விடலாம்.

மாற்றங்கள் செய்த பிஸ்டல் என்றால் அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். ஸ்லைடுக்கு யாரோ முலாம் பூசியிருப்பார்கள், பேரல் வேறு கம்பெனியுடையதாக இருக்கும், ஆகவே கடையில் வரும் ஸ்டாண்டர்ட் புஷ் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. 5 அங்குலப் பேரல் உள்ள கவர்ன்மென்ட் மாடலுக்கான புஷ் வேறு, 4.25 அங்குல கமாண்டர் மாடலுக்கானது வேறு. முனை தடித்த புல் பேரல் (bull barrel) போட்டிருந்தால் பொதுவாகப் புஷ்ஷே இருக்காது. 1970-இல் கோல்ட் (Colt) கம்பெனி கொண்டுவந்த சீரிஸ் 70 பிஸ்டலில் விரல்கள் பிரிந்த காலெட் புஷ் இருக்கும், அந்த விரல் முறிவது பழைய தலைவலி, முழு வளையப் புஷ்ஷுக்கு மாறுவது நல்ல முடிவு.

சரி, வேலைக்கு வருவோம். மேகசினை எடுங்கள், ஸ்லைடை இழுத்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரீகாயில் ஸ்பிரிங்கின் முன்னால் இருக்கும் மூடியான பிளக் கை நழுவினால் நேராக முகத்துக்குத்தான் வரும். பிரித்தபின் பேரல் முனையின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, ஸ்லைடு வாயின் உள்விட்டத்தையும் குறித்துக்கொண்டு, வெளியே கொஞ்சம் பெரிதாகவும் உள்ளே கொஞ்சம் சிறிதாகவும் வரும் புஷ்ஷை வாங்குங்கள். உலோகத்தைக் குறைப்பது எப்போதும் புஷ்ஷில்தான், ஸ்லைடிலோ பேரலிலோ அரம் படவே கூடாது.

முதலில் வெளிப்பக்கம். புஷ் முழுக்க மார்க்கர் மை பூசி ஸ்லைடில் நுழைத்துத் திருப்பினால், முட்டும் இடத்தில் மட்டும் மை அழிந்து பளபளக்கும், அங்கே மட்டும் நைஸ் எமரித்தாள் போடுங்கள். புஷ்ஷின் அடியில் இருக்கும் லக் (சின்ன நீட்டல்) ஸ்லைடில் உள்ள அதன் காடியில் ஏறவில்லை என்றாலும் இதே வழி, அரத்தால் ஓர் இழுப்பு, மறுபடி மை, மறுபடி சோதனை. வெறுங்கையால் திருப்பக் கஷ்டமாகவும் புஷ் ரெஞ்ச் வைத்தால் சீராகத் திரும்பவும் வேண்டும், அந்த இறுக்கம் போதும்.

அப்புறம் உட்பக்கம், பொறுமை வேண்டிய இடம் இதுதான். பேரலுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் 0.001 முதல் 0.002 அங்குலம் இடைவெளி இருந்தால் நல்ல பொருத்தம். லேத் இல்லாதவர்கள் உருளைக் கட்டையில் எமரி சுற்றிச் சமமாகச் சுழற்றித் தேய்க்கலாம், ஒரே பக்கம் அழுத்தினால் துளை முட்டை வடிவமாகிவிடும். இப்போது ஸ்பிரிங் இல்லாமல் ஸ்லைடு, பேரல், புஷ் மூன்றையும் சேர்த்து, பேரலை விடுபட்ட நிலைக்குத் தாழ்த்திக் கையை எடுங்கள். அங்கேயே கிடந்தால் சரி. எகிறி மேலே வந்தால் புஷ் இடிக்கிறது, மறுபடி மை பூசிப் பாருங்கள், பெரும்பாலும் துளையின் முன்னோரம் மேலேயும் பின்னோரம் அடியிலும்தான் தேய்ந்திருக்கும், அங்கே லேசாகச் சாய்த்து எடுத்தால் போதும்.

பிசிறு நீக்கி, எமரித் தூள் ஒட்டாமல் கழுவி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் போடாமலே ஃபிரேமில் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) ஏற்றி ஸ்லைடை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள், மூடும் கடைசி கால் அங்குலத்தில் தயங்கினால் இன்னும் வேலை பாக்கி. தயக்கமில்லை என்றால் முழுதாகப் பூட்டி டம்மி தோட்டாவில் ஓட்டிப் பார்த்துவிட்டு ரேஞ்சுக்குப் போகலாம். ஒரு மேகசின் சுட்டதும் கழற்றிப் பேரல் முனையைப் பாருங்கள்: சுற்றிலும் ஒரே மாதிரித் தடம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று தேய்ந்திருந்தால் புஷ்ஷில் அதே பக்கம் இன்னும் இரண்டு சுற்று எமரி.