புது பேஸ்மென்ட்டில் தண்ணீர் கசிகிறதா? எங்கே தொடங்குவது

புதிதாகக் கட்டிய கான்கிரீட் பேஸ்மென்ட்டில் ஈரம் தெரிந்ததும் பலர் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் வாங்க ஓடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் சதுர மீட்டருக்கு 1 டன் எடை அளவுக்கு அழுத்தம் இருக்கும். உள்பக்கம் பூசிய பெயின்ட் கொப்புளித்து உரிந்துவிடும்.

1. கசிவுதானா என்று பாருங்கள். ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். காற்றோட்டம் கொடுத்தாலே குறையும். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் கான்கிரீட்டிலிருந்து வருகிறது. ஆனால் புது கான்கிரீட்டில் கலவைத் தண்ணீரே மாதக்கணக்கில் வெளியேறும். அதனால் மழைக்கு அப்புறம் ஈரம் கூடுகிறதா என்றும் கவனியுங்கள்.

2. வழியைக் கண்டுபிடியுங்கள். சுவரும் தரையும் சேரும் ஜாயின்ட், குழாய் நுழையும் இடம், சென்ட்ரிங் கம்பி விட்டுப்போன துளை, கான்கிரீட் சரியாக நிரம்பாமல் ஜல்லி தெரியத் தேன்கூடு போல் ஓட்டையான இடம், கான்கிரீட் சுருங்கியதால் வந்த செங்குத்து விரிசல் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாக்பீஸால் குறித்து, தேதியோடு போட்டோ எடுங்கள். கட்டியவரின் பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால், கைவைக்கும் முன் அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். படுக்கைவாட்டில் ஓடும் விரிசலோ, ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் விரிசலோ இருந்தால் அடைக்காமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

3. வெளியே போங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா? குழாயை நீட்டித் தள்ளி விடுங்கள். சுவரை ஒட்டிய மண் 3 மீட்டருக்கு 15 செ.மீ. வீதம் வெளிப்புறமாகச் சரிய வேண்டும். புது வீட்டில் அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் அமுங்கி, சரிவு வீட்டுப் பக்கமே திரும்பிவிடும். இந்த வேலையை முடிக்காமல் உள்ளே அடைப்பதில் பயனில்லை.

4. பிறகு அடையுங்கள். சிறு துளைக்கும் தண்ணீர் ஓடும் விரிசலுக்கும், சில நிமிடங்களில் இறுகும் ஹைட்ராலிக் சிமென்ட் போதும். கண்ணாடி, கையுறை கட்டாயம். விரிசலை உளியால் சுமார் 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். உள்ளே போகப்போக அகலமாக இருக்கட்டும். வாய் அகன்று அடி குறுகினால் அடைப்பு பிதுங்கி வந்துவிடும். தூசியைக் கழுவி, கைப்பிடியளவு மட்டும் குழைத்து, மேலிருந்து கீழாக அடைத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு உருண்டையையும் இறுகும்வரை அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் அதிகம் வரும் இடம் கடைசியில்.

நீளமான மெல்லிய விரிசலுக்கு ஊசி மூலம் பாலியூரித்தேன் என்ற பிசினை ஏற்றுவதே நல்லது. ஈரம் பட்டு அது நுரைத்து, சுவரின் முழுத் தடிமனையும் நிரப்பும். இதை அனுபவமுள்ள ஆளிடம் விடுங்கள்.

சுவர்–தரை ஜாயின்ட் முழுக்கக் கசிந்தால் அடைப்பு நிற்காது. ஓரிடத்தில் மூடினால் பக்கத்தில் வரும். அங்கே உள்ளோரமாக வடிகால் அமைத்து, குழியில் சேர்த்து, பம்ப் வைத்து வெளியேற்ற வேண்டியதுதான்.