சட்டத்துக்குக் காத்திராமல் ஒரு வாரச் சாமான் சேர்ப்பது எப்படி?

ஒவ்வொரு வீட்டிலும் அவசரத்துக்குச் சாமான் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போடலாமா என்றால், தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு நான் சொல்வது வேண்டாம் என்பதுதான். உதவித்தொகை வந்த அன்று அரிசி வாங்கி, மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற குடும்பத்திடம் "ஏழு நாள் சரக்கு எங்கே?" என்று யார் போய்க் கேட்பது? ஸ்விட்சர்லாந்தே ஆளுக்கு 9 லிட்டர் தண்ணீர் வையுங்கள் என்று மக்களுக்குச் சொல்வதோடு சரி. அங்கே சட்டப்படி கட்டாயம் என்பது அரிசி, சர்க்கரை, எண்ணெய் இறக்குமதி செய்கிற கம்பெனிகளுக்குத்தான். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் 72 மணி நேரத்துக்கான சாமான் வைத்துக்கொள்ளச் சொன்னதும் யோசனைதான், அபராதம் எதுவும் இல்லை.

அதற்காக அலமாரியைக் காலியாக விடச் சொல்லவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகளைச் சூறையாடியபின் ரொட்டிக்கும் பாலுக்கும் எவ்வளவு நீளமான வரிசை என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கேனில் பெட்ரோல் விற்கக் கூடாது என்று அரசே தடை போட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் டேங்கரை நம்பி இருந்தார்கள். நெருக்கடி வந்தபின் ஓடிப்போய் அள்ளினால் அது அடுத்தவன் பங்கு. அதனால் இப்போதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு 84 லிட்டர், அதாவது 25 லிட்டர் டிரம் நாலு. ரோட்டோரம் மலிவாக விற்கிற பழைய டிரம்மை வாங்காதீர்கள், முன்னே அதில் என்ன கெமிக்கல் இருந்ததோ யாருக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரையே பிடித்து, மூடி இறுக்கி, தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். டேங்கர் தண்ணீரோ மழைத்தண்ணீரோ சந்தேகமாக இருந்தால் துணியில் வடிகட்டி, கொதிக்க வைப்பது நல்லது. கேஸ் போதாது என்றால் 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து இரண்டு மணி நேரம் விட வேண்டும். கக்கூஸுக்குச் சேர்த்து வைத்த தண்ணீரைத் தொடாதீர்கள், அதற்குக் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் போதும்.

சாப்பாட்டில் வீட்டில் தின்னாத எதையும் வாங்காதீர்கள். சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் ஊற வைக்கத் தண்ணீர், வேக வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் கேஸ் என்று இரண்டையும் தின்றுவிடும். மைசூர் பருப்பு இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். டின் மீன் (தக்காளிச் சாற்றில் வரும் பில்சார்ட்) அதைவிடச் சுலபம்: வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி டின்னைக் கவிழ்த்தால் அதிலுள்ள தக்காளிச் சாறே குழம்பாகிவிடும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். அரிசி, பருப்பு, மீலி மீல் (சோள மாவு), டின் பில்சார்ட் எதற்கும் வாட் வரி கிடையாது. அரசு உதவ நினைத்தால் தண்ணீர் டிரம்முக்கும் அந்த 15 சதவீத வாட்டை எடுக்கட்டும், சட்டம் போடுவதைவிட அது உருப்படியான வேலை.

வாரா வாரம் வாங்கும்போது ஒரு டின், ஒரு பாக்கெட் மட்டும் கூடுதலாக எடுங்கள். காலாவதியாகும் மாதத்தை மார்க்கரில் பெரிதாக எழுதி, புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைத்து, முன்னாலிருப்பதை எடுத்துச் சமையுங்கள். ஒரேயடியாகத் தூக்கி வைத்துப் பூட்டினால் வண்டுதான் சாப்பிடும். தனியாக முடியவில்லை என்றால் ஸ்டாக்வெல் போடுங்கள், நம் சீட்டு மாதிரிதான். டிசம்பர் சாமானுக்காகப் பலரும் போடுகிறார்கள், அதே காசில் மொத்தக் கடையில் இதையும் சேர்த்து வாங்கலாம்.

கரண்ட் வெட்டுப் புண்ணியத்தில் சார்ஜ் லைட் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் விளக்கைப் பற்றி நீட்டவில்லை. கரி அடுப்பை வீட்டுக்குள் எங்கேயும் ஏற்றாதீர்கள், அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத வாயு ஆளைக் கொல்லும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள், கலவரத்தில் மருந்துக் கடைகளும் தப்பவில்லை. ஏடிஎம் வேலை செய்யாத நாளுக்குக் கொஞ்சம் சில்லறை நோட்டு. ஓடை ஓரமோ பள்ளத்திலோ வீடு என்றால் டிரம் தவிர எல்லாம் மேல் அலமாரிக்குப் போகட்டும், அடையாள அட்டையும் வீட்டுப் பத்திரமும் பிளாஸ்டிக் பையில்.

அப்புறம், வார்டு கூட்டத்துக்கு ஒரு தரம் போங்கள். தண்ணீர் நின்றால் டேங்கர் எந்த முனையில் நிற்கும், படுக்கையில் கிடக்கிற பாட்டிக்கு வாளியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வீட்டில் சாமான் சேர்க்கச் சொல்லி நமக்கு எந்தக் கட்டாயமும் வைக்கவில்லை, மாநகராட்சிக்கு வைத்திருக்கிறது: பேரிடர்த் திட்டம் ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டும். அதில் உங்கள் தெருவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.