நண்பர்கள் லீக்கின் ஃபேண்டஸி பேஸ்பால் டிராஃப்டை மறுபார்வை செய்யும் முறை

உண்மையான வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய ஆட்ட எண்களால் போட்டியிடுவதே ஃபேண்டஸி பேஸ்பால். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் அத்தகைய லீக்குகளில், டிராஃப்ட், அதாவது முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, முடிந்த இரவே யாராவது ஒருவர் எல்லா அணிகளுக்கும் மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவது வழக்கம். லீக் நடக்கும் தளங்களில் சில, தாமாகவே ஒரு மதிப்பெண் அட்டையையும் தருகின்றன. இவ்விரண்டிலும் ஒரே குறை உண்டு. மதிப்பெண் இடுபவர் கையில் வைத்திருக்கும் தரவரிசைப் பட்டியலை யார் அதிகம் பின்பற்றினாரோ, அவருடைய அணியே அங்கு முதலிடம் பெறுகிறது. அந்தப் பட்டியலில் நம்பிக்கையில்லாமல் சொந்தமாக யோசித்துத் தேர்வு செய்தவர், யோசித்த குற்றத்துக்காகவே கீழே தள்ளப்படுகிறார். ஒவ்வொரு தேர்வும் அந்த நொடியில், அந்த இருக்கையில் (தேர்வு வரிசையில் அவருக்குக் கிடைத்த இடத்தில்), அன்று தெரிந்திருந்த செய்திகளைக் கொண்டு சரியான முடிவாக இருந்ததா என்று கேட்பதே பயனுள்ள மறுபார்வை என்பது என் உறுதியான கருத்து.

பன்னிரண்டு அணிகள், ஒவ்வொரு சுற்றிலும் தேர்வு வரிசை தலைகீழாகத் திரும்பும் பாம்பு முறை டிராஃப்ட், பத்துப் புள்ளிவிவரப் பிரிவுகளில் அணிகளை வரிசைப்படுத்திப் புள்ளி தரும் ரோட்டிசரி லீக் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் 1980-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த முறையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வடிவம். பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்குக் கிடைத்த ரன்), ஸ்டோலன் பேஸ் (பந்து அடிக்கப்படாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), பேட்டிங் சராசரி ஆகிய ஐந்தும், பிட்சிங்கில், அதாவது பந்துவீச்சில், வெற்றி, சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி), விப் (ஓர் இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஹிட், வாக் எண்ணிக்கை) ஆகிய ஐந்தும் கணக்கில் வரும். ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி.

முதல் வேலை, பதிவு செய்வது. டிராஃப்ட் முடிந்த ஓரிரு நாட்களுக்குள், முதல் ஆட்டம் தொடங்கும் முன், எல்லாத் தேர்வுகளையும் வரிசை எண்ணோடு ஒரு விரிதாளில் இறக்கிக்கொள்ள வேண்டும். அன்றைய சராசரித் தேர்வு நிலை, அதாவது பிற டிராஃப்டுகளில் அந்த வீரர் சராசரியாக எத்தனையாவதாகப் போகிறார் என்ற எண்ணையும், அன்றைய முன்மதிப்பீடுகளையும் (அந்தப் பருவத்தில் அவர் எடுக்கக்கூடிய எண்களின் கணிப்பு) பக்கத்திலேயே குறித்துவிடுவது அவசியம். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் கிடைக்கும் ஸ்டீமர், ஸிப்ஸ் போன்ற முன்மதிப்பீடுகள் இதற்குப் போதும். தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 மார்ச் மாதம் நல்ல சான்று. முந்தைய ஆண்டு, மேஜர் லீகின் இரு கிளைகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றிருந்த கெரிட் கோலின் முழங்கைப் பிரச்சினை அந்த மாத நடுவில்தான் வெளியே வந்தது. ஜூன் மாதம் வரை அவர் ஆடவில்லை. மார்ச் முதல் வாரத்தில் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தவரையும், செய்தி வந்த பிறகு அதே இடத்தில் எடுத்தவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

அடுத்து, ஒவ்வொரு தேர்வையும் அதன் சராசரி நிலையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். சராசரி நிலை 38 உள்ள வீரரை 25-ஆவது தேர்வில் எடுத்தால், பதின்மூன்று இடம் முந்திவிட்டார் என்று உடனே குறை சொல்வார்கள். ஆனால் முதல் இருக்கையில் அமர்ந்தவருக்கு 1-க்குப் பிறகு 24, 25 ஆகிய இரண்டு தேர்வுகளும், அதன்பின் 48, 49 ஆகியவையும் வருகின்றன. 25-ஐ விட்டால் 22 வீரர்கள் கைமாறிய பிறகே அவருடைய முறை திரும்பும். 38-இல் போகக்கூடிய வீரர் 48 வரை காத்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால், அவரை விரும்பியவருக்கு வேறு வழியே இல்லை. அதே வீரரை நடு இருக்கைக்காரர் 25-க்குச் சற்று முன்பின் எடுத்திருந்தால், அடுத்த சுற்றிலும் அவர் கிடைத்திருக்கக்கூடுமா என்று கேட்பது பொருத்தமே. ஆகவே, “எவ்வளவு முந்தி எடுத்தார்” என்று கேட்பதைவிட, “அடுத்த முறை வரை காத்திருக்க முடிந்திருக்குமா” என்று கேட்பதே சரி. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த வேறு இரண்டு, மூன்று பேரின் பெயர்களையும் அருகில் எழுதினால் விடை தானாகத் தெளிவாகும்.

ஒப்பிடும் பட்டியலும் சரியானதாக இருக்க வேண்டும். பணம் வைத்து ஆடும் தேர்ந்த போட்டிகளின் சராசரி நிலை ஒன்று சொல்லும். நண்பர்கள் லீக்கில் பலர் திரையில் தளம் காட்டும் வரிசையைப் பார்த்தே தேர்வு செய்வதால், நடைமுறை வேறாக இருக்கும். உங்கள் லீக் எந்தத் தளத்தில் நடக்கிறதோ அந்தத் தளத்தின் எண்ணையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஷோஹெய் ஓடானியை யாஹூ தளம் பேட்டராகவும் பிட்சராகவும் இரண்டு வீரர்களாகப் பிரித்து வைத்ததைப் போன்ற வேறுபாடுகள், ஒரு தேர்வின் மதிப்பையே மாற்றிவிடும்.

இனிப் பிரிவுக் கணக்கு. ஒவ்வொரு அணியின் முன்மதிப்பீடுகளையும் கூட்டி, பத்துப் பிரிவுகளிலும் அது எந்த இடத்தில் நிற்கும் என்று பாருங்கள். ரன், ஹோம் ரன் போன்றவற்றை நேராகக் கூட்டலாம். சராசரிகளை அப்படிக் கூட்டி வகுக்கக் கூடாது. 600 அட்-பேட்டில் (சராசரிக்குக் கணக்கில் வரும் பேட்டிங் வாய்ப்புகளில்) .300 அடிப்பவர் 180 ஹிட், 400 அட்-பேட்டில் .240 அடிப்பவர் 96 ஹிட் தருகிறார்கள். இருவரும் சேர்ந்து 1000-க்கு 276, அதாவது .276. இரண்டு சராசரிகளையும் கூட்டிப் பாதியாக்கினால் .270 என்று தவறாக வரும். பிட்சிங்கில் பிழை இன்னும் பெரிதாகும். 180 இன்னிங்ஸில் 3.00 இ.ஆர்.ஏ. வைத்திருப்பவரும் 60 இன்னிங்ஸில் 6.00 வைத்திருப்பவரும் சேர்ந்தால் அணியின் எண் 3.75, வெறும் சராசரி போட்டால் 4.50 என்று காட்டி, நல்ல பிட்சிங் அணியையே மோசமானதாக்கிவிடும்.

இலக்கு எது என்பதை உங்கள் லீகின் கடந்த ஆண்டு இறுதி அட்டவணையிலிருந்தே எடுக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் மூன்றாம் இடம் பெற்றவரின் எண்ணை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பிரிவிலும் மூன்றாம் இடம் என்றால் 100 புள்ளி. பன்னிரண்டு அணி லீக்கில் அது பட்டத்துக்குப் போட்டியிடும் கணக்கு. விதிகள் மாறிய ஆண்டில் மட்டும் பழைய எண்களை அப்படியே நம்பக் கூடாது. 2023-இல் பேஸ்களின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகியது. ஓட்டக்காரரைத் தடுக்க பிட்சர் செய்யும் முயற்சிகளுக்கும் வரம்பு வந்தது. மேஜர் லீகின் மொத்த ஸ்டோலன் பேஸ் 2022-இல் 2,486 ஆக இருந்து 2023-இல் 3,503 ஆனது. 2022 அட்டவணையைப் பார்த்து, இவ்வளவு ஸ்டோலன் பேஸ் போதும் என்று திட்டமிட்டவர் அந்தப் பிரிவில் பின்தங்கியிருப்பார்.

காயத்தையும் அபாயத்தையும் எடைபோடும்போதுதான் மறுபார்வையின் நேர்மை தெரியும். 2023-இல் 41 ஹோம் ரன்னும் 73 ஸ்டோலன் பேஸும் எடுத்த ரொனால்ட் அக்கூன்யா ஜூனியர், 2024-இல் பெரும்பாலான டிராஃப்டுகளில் முதலாவதாகப் போனார். மே மாத இறுதியில் இடது முழங்காலின் தசைநார் கிழிந்து அவருடைய பருவம் முடிந்தது. 2023-இல் 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், முதலில் எடுக்கப்படும் பிட்சராக 2024-க்குள் வந்து, இரண்டே ஆட்டங்களில் பந்து வீசிய பின் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போனார். இந்த இருவரையும் எடுத்தவர்கள் மோசமாகத் தேர்வு செய்தார்கள் என்று செப்டம்பரில் சொல்வது எளிது, ஆனால் அது பொய். மறுபுறம், காயங்களால் பல ஆண்டுகள் தடுமாறிய கிறிஸ் சேல் அதே ஆண்டு அட்லாண்டாவுக்காக 18 வெற்றி, 2.38 இ.ஆர்.ஏ., 225 ஸ்ட்ரைக்அவுட் என்று நேஷனல் லீகின் மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தார். அவரை எடுத்தவரைப் பாராட்டலாம். ஆனால் அவர் உடையக்கூடிய பிட்சர்கள் நால்வரை அடுக்கி, மாற்று ஏற்பாடு இல்லாமல் இருந்தாரா என்றும் பார்க்க வேண்டும். ஓர் அபாயத் தேர்வு தனியாகத் தவறாவதில்லை. ஒரே வகை அபாயம் ஓர் அணியில் எத்தனை முறை சேர்ந்திருக்கிறது, காயப் பட்டியலுக்கான இடங்கள் லீக்கில் எத்தனை என்பதே கேள்வி.

சேவ் பிரிவைத் தனியாகப் பாருங்கள். குளோசர்கள், அதாவது சேவ் எடுக்கும் கடைசி நேரப் பிட்சர்கள், வரிசையாகப் போகத் தொடங்கிய சுற்று எது, அதை யார் தொடங்கினார், பதற்றத்தில் யார் கடைசிக் குளோசரைப் பிடித்தார் என்று குறியுங்கள். அடுத்த ஆண்டுக்கான மிகப் பயனுள்ள செய்தி இதுதான். நண்பர்கள் ஆண்டுக்கு ஆண்டு தம் பழக்கத்தை மாற்றுவதில்லை: சொந்த ஊர் அணியின் வீரர்களை ஒருவர் விடமாட்டார், இன்னொருவர் இளம் வீரர்களின் மேல் மயக்கம் கொண்டிருப்பார், மற்றொருவர் கேட்சரை எப்போதும் கடைசியில்தான் எடுப்பார். தரவரிசைப் பட்டியல் எதிலும் கிடைக்காத இந்த அறிவைச் சேர்ப்பதற்காகவே மறுபார்வைக்கு ஒரு மாலைப்பொழுது செலவிடலாம்.

இதை எழுதி நண்பர்களுக்கு அனுப்புவதானால், தர எழுத்துகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வோர் அணிக்கும் அதன் வலுவான பிரிவு, பலவீனமான பிரிவு, சிறந்த தேர்வு, விளக்கம் கேட்க விரும்பும் ஒரு தேர்வு ஆகியவற்றை எழுதினால் போதும். விளக்கம் கேட்பது உண்மையான கேள்வியாக இருக்கட்டும். எடுத்தவருக்கு நமக்குத் தெரியாத காரணம் இருந்திருக்கலாம், அதைக் கேட்டறிவதில் நமக்கும் லாபம் உண்டு. பெயரைப் பார்க்காமல் எழுதினால் நடுநிலை கூடும்: அணி உரிமையாளர்களின் பெயர்களை மறைத்துவிட்டு எண்களை மட்டும் பார்த்து முதல் வரைவை எழுதுங்கள். சொந்த அணியை எழுதும் பொறுப்பை மட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

கணக்கு முடிந்ததும் அது உடனே பயன்பட வேண்டும். ஸ்டோலன் பேஸில் முதலிடத்தில் தேவைக்கு மேல் நிற்கும் அணியும், சேவில் அதேபோல் மிகுதியாக வைத்திருக்கும் அணியும் யார் யார் என்று உங்கள் விரிதாள் காட்டும். இருவருக்கும் பயன் தரும் டிரேட் (வீரர் பரிமாற்றம்) அங்கேதான் இருக்கிறது. பருவத்தின் முதல் வாரங்களில், சிறிது நாள் சரியாக ஆடாத வீரரைப் பார்த்து எல்லோரும் மனம் மாறுவதற்கு முன்பே அந்தப் பேச்சைத் தொடங்குவது நல்லது. செப்டம்பர் இறுதியில் அதே தாளைத் திறந்து, ஒவ்வொரு தேர்வின் அருகிலும் உண்மையான எண்ணை எழுதுங்கள். முன்மதிப்பீட்டிலிருந்து விலகிய ஒவ்வொன்றுக்கும் காரணம் காயமா, ஆட்டநேரம் குறைந்ததா, திறன் மாறியதா, அல்லது டிராஃப்ட் நாளிலேயே தெரிந்திருந்தும் கவனிக்காமல் விட்ட ஒன்றா என்று ஒரு சொல்லில் குறியுங்கள். கடைசி வகையில் விழும் தேர்வுகளை மட்டும் தனித் தாளில் பிரித்து எடுத்து, அடுத்த மார்ச்சில் டிராஃப்ட் அறைக்குள் நுழையும்போது கையில் வைத்திருங்கள்.