தூரத்துக் கேலக்ஸியையும் பக்கத்துக் கேலக்ஸியையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி பத்து நாள் வானின் ஒரே மூலையை உற்றுப் பார்த்து எடுத்த படத்தில், தூரத்துக் கேலக்ஸிகள் பல உருக்குலைந்து துண்டு துண்டாகத் தெரிந்தன. பக்கத்தில் இருப்பவையோ அழகான சுருள்கள். தூரத்து ஒளி நம்மை வந்தடைய வெகுகாலம் ஆவதால், நாம் காண்பது அவற்றின் பழங்காலத் தோற்றம். 'ஆரம்பத்தில் ஒழுங்கற்றுக் கிடந்தவை பிறகு சுருளாயின' என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே நிற ஒளியில்தான் பார்த்தோமா?

விண்வெளி விரிவதால் ஒளி அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகர்கிறது. தூரம் கூடக்கூட இந்தச் செம்பெயர்ச்சியும் கூடும். அது 2 என்றால் அலைநீளம் மூன்று மடங்காகும்: 200 நானோமீட்டர் புற ஊதாக் கதிராகக் கிளம்பியது நம்மிடம் 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியாக வந்து சேரும். அதாவது, நாம் பார்ப்பது அந்தக் கேலக்ஸியின் புற ஊதா முகம். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்81 என்ற சுருள் கேலக்ஸியையும் புற ஊதாவில் படமெடுத்துப் பாருங்கள். சாதாரண ஒளியில் பளிச்சென்றிருக்கும் நடுப்பகுதி மங்கிவிடும். அங்கிருப்பவை பெரும்பாலும் வயதான விண்மீன்கள். இளம் விண்மீன்கள் கொத்துக் கொத்தாக உள்ள சுருள் கரங்கள்தான் எடுப்பாகத் தெரியும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்கள் வந்த பிறகு, உருக்குலைந்தவை என்று நினைத்த பலவற்றில் ஒழுங்கான தட்டு வடிவம் தெரிந்தது.

மங்கலையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்பெயர்ச்சி 1 என்றால் பரப்பின் பொலிவு 16 மடங்கு குறையும். 3 என்றால் 256 மடங்கு. வெளிவட்டம் இருட்டில் கரைந்துபோகும். அக்காலக் கேலக்ஸிகள் உண்மையிலேயே சிறியவைதான். ஆனால் எவ்வளவு சிறியவை என்று சொல்லும் முன், பக்கத்துக் கேலக்ஸியின் படத்தையும் கணினியில் அதே அளவு மங்கலாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

தூரமே தப்பாகிவிடுவதும் உண்டு. சீயர்ஸ்-93316 என்ற கேலக்ஸிக்கு, அதன் நிறத்தை வைத்து 2022-இல் செம்பெயர்ச்சி 16 வாக்கில் இருக்கும் என்றார்கள். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்தால் 4.9! தூசியும், சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் பளிச்சிடும் வலுவான உமிழ்வுக் கோடுகளும் சேர்ந்து ஏமாற்றிவிட்டன. பெருவெடிப்புக்குச் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தியது என்று எண்ணியது, சுமார் 120 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தியதாகிவிட்டது.

அப்புறம், தூரத்தில் பளிச்சென்று தெரிவதையெல்லாம் நம் கேலக்ஸியான பால்வெளியின் குழந்தைப் பருவம் என்று சொல்வது. செய்திகளில் அடிக்கடி கண்ணில்படுவது இதுதான். அவ்வளவு தூரத்தில் எளிதாகத் தென்படுபவை விதிவிலக்கான பிரகாசம் கொண்டவை. அவற்றில் பல பின்னாளில் எம்87 போன்ற ராட்சத நீள்வட்டக் கேலக்ஸிகளாகியிருக்கும். பால்வெளியின் மூதாதையை மங்கலான, நிறை குறைந்தவற்றுக்குள்தான் தேட வேண்டும். 2024-இல் அறிவிக்கப்பட்ட ஃபயர்ஃப்ளை ஸ்பார்க்கிள் என்ற கேலக்ஸி அப்படி ஒன்று. பெருவெடிப்புக்கு 60 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய அதைப் பார்க்க வெப் மட்டும் போதவில்லை. முன்னால் இருந்த ஒரு கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைத்துப் பெருக்கிக் காட்ட வேண்டியிருந்தது.