மூலைக்கு ரேடியஸ் கொடுங்கள்

குன்னூரில் என் பட்டறைக்கு டீ ஃபேக்டரி உதிரி பாகங்களுக்கான டிராயிங் வரும். போன வாரம் ஒரு தம்பி நீட்டிய தாளைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தப்பு: பள்ளத்தின் உள்மூலையை ரொம்பக் கூராக வரைவது. அளவு விட்டுப்போவது, அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் குழப்புவது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

பாக்கெட்டின் (குடைந்த பள்ளத்தின்) உள்மூலை

மில்லிங் கட்டர், அதாவது சுழன்று உலோகத்தைக் குடையும் கருவி, உருளை வடிவம். அது குடைந்த பள்ளத்தின் மூலை சதுரமாக வராது. கட்டரின் பாதி விட்டத்துக்கு வளைவு நிற்கும். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் மூலை கத்தி மாதிரி இருக்கும்.

நான் வரைந்தது இஎன்8 ஸ்டீல் கட்டையில் 25 மி.மீ. ஆழப் பாக்கெட், மூலைக்கு ஆர்1, அதாவது 1 மி.மீ. ரேடியஸ். கோவையில் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். மறுநாளே போன். "அண்ணா, ஆர்1னா 2 மி.மீ. கட்டர்தான் போகும். இந்த ஆழத்துக்கு அது தாங்காதுங்க." டிராயிங்கில் இருக்கிறபடி செய்யுங்கள் என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. மூன்று கட்டர் ஒடிந்தது. அப்புறம் செம்பில் எலெக்ட்ரோடு செய்து, நான்கு மூலையையும் ஸ்பார்க்கில் (மின்பொறியில்) எரித்து எடுத்தார்கள். பேசியதைப் போல மூன்று மடங்கு பில். பர்லியார் பக்கம் மண் சரிந்து பீஸ் மேட்டுப்பாளையத்தில் இரண்டு நாள் கிடந்தது தனிக்கதை.

அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டியது என்ன தெரியுமா? ரப்பர் பேட். பிளேடை எடுத்து அதன் மூலையை நறுக்கியிருந்தால் முடிந்தது. இன்றைக்கும் வயிறு எரிகிறது. இந்தத் தம்பியிடமும் உள்ளே என்ன வரும் என்று கேட்டேன். "ஒயர்தாண்ணா" என்றான்.

25 ஆழத்துக்கு 8 மி.மீ. கட்டர் தெம்பாக வேலை செய்யும். அதற்காக ஆர்4 போடாதீர்கள். கட்டர் மூலையில் முட்டி அதிரும். ஆர்5 போட்டால் முட்டாமல் வளைவாகத் திரும்பிப் போய்விடும். சதுரத் துண்டுதான் உட்கார வேண்டுமா? பள்ளத்தின் மூலையில் ஒரு துளை போட்டு இடம் விடுங்கள், இல்லையென்றால் துண்டின் முனையைச் சாய்வாகச் சீவிவிடுங்கள்.

மறுபக்கம் திறக்காத துளையில் மரை

மரை வெட்டும் கருவியான டேப்பின் நுனி முழு மரை வெட்டாது. எம்8 (8 மி.மீ. போல்ட்டுக்கான) மரை 12 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால் துளையை 18 மி.மீ. ஆழம் போடுங்கள். மரை வெட்டும்போது விழுகிற சிராய்க்கும் இடம் வேண்டும். டேப் உள்ளே ஒடிந்தால் பீஸும் போச்சு.

எல்லா அளவுக்கும் ±0.01

0.01 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது பேரிங் உட்காரும் இடத்துக்குச் சரி. மூடித் தகட்டுக்கு எதற்கு?

உயரமான மெல்லிய சுவர்

அதிரும்.