இ-சைன் போட்ட வீட்டு ஒப்பந்தம்: எங்கெல்லாம் சறுக்குகிறார்கள்

"லிங்க் அனுப்பியிருக்கேன் சார், ஓடிபி போட்டீங்கன்னா அக்ரிமெண்ட் முடிஞ்சுது" என்று புரோக்கர் சொன்னால் அதில் பாதிதான் உண்மை. கையெழுத்து முடிந்துவிடும். அக்ரிமெண்ட் முடிந்ததா என்பது வேறு கேள்வி. வீடு, மனை சம்பந்தப்பட்ட ஆவணம் என்றால் நம் சட்டம் மூன்று விஷயம் கேட்கும். கையெழுத்திட்டவர் யார்? முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா? பதிவு செய்ய வேண்டிய ஆவணம் என்றால் பதிவானதா? மின் கையொப்பம், அதாவது இ-சைன், முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து தானாக முடிந்துவிடும் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

இந்த நினைப்புக்கு 2022-ல் வந்த ஒரு மாற்றமும் காரணம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அசையாச் சொத்தை விற்பதற்கான ஒப்பந்தங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. அதன் முதல் அட்டவணையில் உயில், டிரஸ்ட், பவர் பத்திரம் இவற்றோடு சொத்து விற்பனையும் இருந்தது. 2022 அக்டோபரில் அரசிதழில் வந்த அறிவிக்கை விற்பனை பற்றிய வரியை எடுத்துவிட்டது. உடனே "இனி வீட்டிலிருந்தே சொத்து விற்கலாம்" என்று வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தது. நீங்கியது ஒரு தடைதான். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டமும் 1908-இன் பதிவுச் சட்டமும் அப்படியே இருக்கின்றன. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவானால்தான் கிரயம். அதற்குப் புகைப்படமும் கைரேகையும் வேண்டும், சார்பதிவாளர் முன் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பிடிஎஃப்பில் எத்தனை பச்சை டிக் விழுந்தாலும் வீடு கை மாறாது.

தமிழ்நாட்டில் இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. இங்கே 2012 டிசம்பர் 1 முதல் கிரயத்துக்கு முந்தைய விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, இ-சைன் போட்டு, மூன்று மாதத்தில் கிரயம் என்று எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று வையுங்கள். விற்பவர் பின்வாங்கினால் வழக்கே போட முடியாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் பதிவாகாத விற்பனை ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பதிவாகாத ஒப்பந்தம், சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. அதே வீட்டை இன்னொருவர் வாங்க வரும்போது, அவர் எத்தனை வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் உங்கள் பெயர் அவர் கண்ணில் படப்போவதில்லை. அவர் பதிவு செய்துகொண்டு போய்விடுவார், நீங்கள் கோர்ட்டில் நிற்பீர்கள்.

அப்படியென்றால் விற்பனையில் இ-சைன் எதற்குமே ஆகாதா? ஆகும். பேசி முடித்த விலை, டோக்கன் தொகை, எந்தத் தேதிக்குள் மூலப் பத்திரம் காட்ட வேண்டும், கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் இ-சைன் போட்டுக்கொள்வது, வாய்ப்பேச்சை நம்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்த ஒரு பக்கத்தை நம்பிப் பெரிய தொகையைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பில்டரிடம் வாங்குபவர்களுக்குச் சட்டமே ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. 2016-இன் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. "ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கு இ-சைன் போட்டாச்சு, அடுத்த 20 சதவீதம் அனுப்புங்க" என்று மெயில் வந்தால் பதிவு தேதியைக் கேளுங்கள்.

வாடகை வீட்டுக்கு வருவோம்

மின் கையொப்பம் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். வீட்டுக்காரர் துபாயில், வீடு சென்னையில், குடிவருபவர் இன்னும் பெங்களூரில் என்றால் வேறென்ன செய்வது? ஒரு வருடத்துக்கு மிகாத வாடகை ஒப்பந்தத்துக்கு சார்பதிவாளர் பதிவு கட்டாயமில்லை. எல்லோரும் 11 மாதம் என்று எழுதுவது அதனால்தான்.

அந்த 11 மாதத்தை வைத்தே தவறும் நடக்கிறது. தலைப்பில் 11 மாதம் என்று போட்டுவிட்டு, உள்ளே "மூன்று வருடம் காலி செய்யக் கூடாது, வருடா வருடம் 5 சதவீதம் ஏறும்" என்று எழுதுகிறார்கள். சட்டம் பார்ப்பது உள்ளே கொடுத்த உரிமையை. மூன்று வருட உரிமை என்றால் மூன்று வருட லீஸ்தான், அதற்குப் பதிவு வேண்டும். கடை, கிளினிக், டியூஷன் சென்டர் போடுகிறவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள். உள்வேலைக்கு லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு, அந்த மூன்று வருட உத்தரவாதத்துக்குப் பலமில்லை என்று தெரியவரும்.

இது தவிர, தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. இதற்கும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கும் சம்பந்தமில்லை. 11 மாதம் என்பது சார்பதிவாளரிடமிருந்து விலக்கு தரும், வாடகை அதிகாரியிடமிருந்து தராது. இ-சைன் செய்து தரும் தளங்கள் பெரும்பாலும் இந்தியா முழுவதற்கும் ஒரே படிவத்தை வைத்திருப்பவை. இந்த உள்ளூர் விஷயத்தை அவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் நம் ஊர் 'லீஸ்'. மாத வாடகை கிடையாது, எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துக் குடியிருந்துவிட்டு, போகும்போது திரும்ப வாங்கிக்கொள்வது. இதைப் பொதுவான வாடகைப் படிவத்தில் 'அட்வான்ஸ் 10,00,000, வாடகை 0' என்று நிரப்பி இ-சைன் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், மின் கையொப்பத்தில் செய்யவே கூடாத காரியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். எழுதியிருக்கும் விதத்தைப் பொறுத்து இது ஒத்தி அல்லது போக்கியம், அதாவது சுவாதீன அடமானம் என்று ஆகக்கூடும். அடமானம் என்றால் பதிவும் வேண்டும், கையெழுத்திட்டதைக் கண்ட இரண்டு சாட்சிகளும் வேண்டும். பதிவு இல்லாவிட்டால் இதுவும் வில்லங்கச் சான்றில் வராது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை நின்று, அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழி தரும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் ஏலத்துக்கு வந்துவிட்டால், பத்து லட்சம் கொடுத்தவர் கையில் ஒரு பிடிஎஃப் மட்டும் இருக்கும். ஒத்திக்கு விடும் வீடுகளில் வீட்டுக்காரருக்குப் பணமுடை இருப்பது சகஜம். அதனால்தான் ஒத்திக்கு விடுகிறார். முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அப்புறம் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

முத்திரைத்தாள்

கையெழுத்திடுவதற்கு முன்போ, கையெழுத்திடும்போதோ ஆவணத்தில் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும் என்பது 1899-இன் முத்திரைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. வெள்ளிக்கிழமை இ-சைன், திங்கட்கிழமை இ-ஸ்டாம்ப் (மின்னணு முத்திரை) என்றால் வரிசை தலைகீழ். கோப்பின் முதல் பக்கமாக இ-ஸ்டாம்ப் சான்றிதழ் ஏறிய பிறகுதான் கையெழுத்து லிங்க் வர வேண்டும். தீர்வை குறைந்த ஆவணத்தை வழக்கில் காட்டினால், பற்றாக்குறையையும் அதற்குப் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினால்தான் அது உள்ளே போகும்.

அந்த முதல் பக்கத்தை யாருமே படிப்பதில்லை. படியுங்கள். சான்றிதழ் எண் 'ஐஎன்-டிஎன்' என்று தொடங்கினால் தமிழ்நாட்டு முத்திரை. 'ஐஎன்-கேஏ' என்றால் கர்நாடகம். வெளி மாநிலத் தளம் ஒன்றில் அவசரத்துக்குப் போட்டால் வேளச்சேரி வீட்டுக்குக் கர்நாடக முத்திரை வந்து நிற்கும். தீர்வை போக வேண்டியது தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு. முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு பெயர்களையும் ஆவண வகையையும் சரிபாருங்கள். இ-ஸ்டாம்ப் வழங்கும் ஸ்டாக் ஹோல்டிங் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையான முத்திரையா என்று தெரிந்துவிடும். '20 ரூபாய் பத்திரம் போதும்' என்ற பழைய கணக்கும் வேண்டாம். 2024-ல் தமிழ்நாடு பல ஆவணங்களுக்குத் தீர்வையை உயர்த்திவிட்டது.

யாருடைய கையெழுத்து?

வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தைப் போட்டோ எடுத்துப் பிடிஎஃப்பில் ஒட்டுவதும் இ-சைன் என்றே பேச்சில் சொல்லப்படுகிறது. ஒட்டிய படத்தால் ஒப்பந்தம் செல்லாது என்று ஆகிவிடாது. ஆனால் "அது நான் போட்டதில்லை" என்று எதிராளி சொன்னால், அவர்தான் போட்டார் என்று நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில். வெளிநாட்டுத் தளங்களில் பெயரை டைப் செய்து பட்டனை அழுத்தும் முறைக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமை. நம் சட்டம் பெயர் சொல்லி அங்கீகரித்தவை ஆதார் ஓடிபி வழி இ-சைனும், பென் டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையொப்பமும். இரண்டிலும் சான்றிதழ் கொடுப்பவர், மத்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனம்.

டோக்கன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி டைரக்டர்களின் டோக்கன் ஆடிட்டர் அலுவலக டிராயரில் கிடப்பது ஊரறிந்த ரகசியம். வரி தாக்கலுக்கு வசதிதான். அதே டோக்கனால் பத்து வருட குடோன் லீஸிலும் கையெழுத்து விழும். அதைப் பத்திரமாக வைத்திருப்பது உரியவரின் சட்டப் பொறுப்பு.

வீடுகளில் நடப்பது வேறு மாதிரி. வீடு அம்மா பெயரில் இருக்கும். அம்மாவின் ஆதாரில் இருப்பது மகனின் செல்போன் எண். லிங்க் வரும், மகன் ஓடிபி போடுவார், அம்மாவின் பெயரில் கையெழுத்து விழும். அம்மாவுக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். பின்னால் அண்ணன் தம்பிக்குள் பிரச்சினை வந்து, "நான் போடவில்லை" என்று அந்த அம்மா சொன்னால் அது பொய்யும் இல்லை. குடிவருகிறவராக நீங்கள் இருந்தால், வயதான உரிமையாளரிடம் நேரில் போய்ப் பேனாவில் கையெழுத்து வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் தொழில்நுட்பம் வேண்டும் என்று விதி இல்லையே. ஓடிபியைப் புரோக்கரிடம் போனில் படித்துச் சொல்வதும் இதே வகைதான். கையெழுத்தையே அவர் கையில் கொடுத்த மாதிரி.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவருக்கும் தனித்தனி லிங்க் போக வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் வேறாக இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். இனிஷியல் இடம் மாறியிருக்கும், 'முருகன்' இங்கே 'முருகேசன்' ஆகியிருக்கும். இரண்டு பெயரும் ஒரே நபருடையதே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

வெளிநாட்டிலிருந்து பவர்

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஊர் நிலத்தை விற்க தம்பிக்குப் பவர் எழுதி, இ-சைன் போட்டு மெயிலில் அனுப்புகிறார். அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. 2022 மாற்றத்தில்கூட, ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்குத்தான் வழி திறந்தது. தம்பிக்குக் கொடுக்கும் பவர் பழையபடி தாளில்தான். அண்ணன் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ நேரில் கையெழுத்திட வேண்டும். மூலத் தாள் தபாலில் வர வேண்டும். இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இந்த மூன்று மாதக் கெடுவை விட்டுவிட்டு அலைகிறவர்கள்தான் அதிகம். உயிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்த விலக்குப் பட்டியலில் இன்னும் இருக்கிறது, அதையும் மின் கையொப்பத்தில் செய்ய முடியாது.

கோப்பு

இ-சைன் ஆன பிடிஎஃப்பை அச்செடுத்து, பைலில் போட்டுவிட்டு, மெயிலை அழித்துவிடுகிறார்கள். கையொப்பம் இருப்பது கோப்புக்குள். தாளில் தெரிவது அதன் படம் மட்டுமே. பிடிஎஃப் திறக்கும் அக்ரோபேட் மென்பொருளில் கையொப்பப் பெட்டியைத் தட்டினால் கையெழுத்திட்டவரின் பெயர், மாநிலம், அஞ்சல் குறியீடு, நேரம் எல்லாம் திறக்கும். மஞ்சள் கேள்விக்குறி வந்தால் போலி என்று அர்த்தமில்லை. இந்திய மூலச் சான்றிதழை உங்கள் கணினி இன்னும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவில்லை, பெரும்பாலும் அவ்வளவுதான். ஆதார் இ-சைன் சான்றிதழின் ஆயுளே அரை மணி நேரம். பிறகு பார்க்கும்போது காலாவதி என்று காட்டினாலும், கையெழுத்திட்ட நொடியில் உயிரோடு இருந்ததா என்பதே கேள்வி. சிவப்புப் பெருக்கல் குறி வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு யாரோ கோப்பில் கை வைத்திருக்கிறார்கள் என்பதே அப்போது எழும் முதல் சந்தேகம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டும்போது கூடவே ஒரு சான்றையும் கேட்கிறது. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணையும், எழுத வேண்டும். கோப்பைத் திறந்து மறுபடி வேறாகச் சேமித்திருந்தாலோ, வாட்ஸப்பில் படமாக மட்டும் வைத்திருந்தாலோ அந்த மதிப்பு மூலத்தோடு பொருந்தாது. வந்த மெயிலை அழிக்காதீர்கள். யார் எப்போது கையெழுத்திட்டார்கள் என்று தளம் தரும் தணிக்கைப் பதிவையும் சேர்த்துத் தரவிறக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். தளம் நாளைக்கு மூடிப்போகலாம்.

11 மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது பழைய கோப்பில் தேதியையும் வாடகையையும் மட்டும் திருத்தி அனுப்பும் புரோக்கர்களும் உண்டு. திருத்திய உடனே பழைய கையொப்பங்கள் உடைந்துவிடும். புதுப்பிப்பது என்றால் புது ஆவணம்: புது இ-ஸ்டாம்ப், இருவருக்கும் புது லிங்க், வாடகை அதிகாரியிடம் மறுபடி பதிவு.