மரத்தடியில் கிடந்த அம்பாசடரை எழுப்புவது எப்படி: முதல் ஒரு மாத வேலை

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் மாமா தோட்டத்தில், வேப்பமரத்தடியில் 1972ஆம் வருட அம்பாசடர் மார்க் 2 ஒன்று பதினெட்டு வருடமாக நின்றது. கோழி அடை கிடக்கத்தான் உதவியது. "வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ மாப்ள" என்று மாமா சொன்னதுதான் தாமதம், அன்றைக்குச் சாயங்காலமே புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம். துருப்பிடித்து ஒட்டிக்கிடந்த வால்வு அசையவில்லை, அதைத் தள்ளப் போன புஷ் ராட் வளைந்துவிட்டது. நீங்கள் அந்த வேலையைச் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். சாவியை முதலில் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு அது தேவைப்படாது.

முதலில் காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அதைத் தீர்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். 50 வருடம் தாண்டிய வண்டி என்றால் 2021இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் 'விஏ' எழுத்து வரும். அதற்குப் பாடியையும் எஞ்சினையும் மாற்றி அமைத்திருக்கக் கூடாது, அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் முடியாது. ஆகவே "டீசல் எஞ்சின் போட்டுறலாம் தம்பி" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்து, கழுவாதீர்கள். அழுக்கோடு இருக்கும்போதே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், எஞ்சின் பக்கம் மட்டும் ஐம்பதாவது வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது, எந்தக் கிளிப் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூன்று மாதம் கழித்து உங்களுக்கு நினைவிருக்காது, எனக்கு இல்லை. கழற்றும் நட்டு போல்ட்டைப் பால் கவரிலாவது போட்டு மேலே எழுதி ஒட்டுங்கள்.

கதவைத் திறக்கும் முன் ஒரு கம்பால் நாலு தட்டுத் தட்டுங்கள். தோட்டத்தில் நின்ற வண்டி, உள்ளே பாம்பு இருக்கலாம், குளவிக் கூடு கட்டாயம் இருக்கும். எலிப் புழுக்கையை விளக்குமாறு வைத்துக் காய்ந்தபடியே கூட்டாமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை மாட்டி அள்ளுங்கள்.

இப்போது துரு. அம்பாசடருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, பாடியேதான் எலும்பு. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரைத் தகடு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், இந்த மூன்றும் போனால்தான் கவலை. மட்கார்டில் ஓட்டை விழுந்தால் அது வெறும் டிங்கர் வேலை. ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, எவரோ பட்டி பார்த்து மூடியிருக்கிறார். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு டங்கென்னும், செத்த தகடு மொத்தென்னும்.

நம் ஊர்ப்பக்கம் கடல் காற்று இல்லை, அதனால் கூரை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுப்பது மரம். பேனட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் கையை விட்டேன், வேப்பிலையும் வேப்பங்கொட்டையும் மக்கி ஈரமான எருவாக இரண்டு கை வந்தது, அதில் ஒரு செடிகூட முளைத்திருந்தது! அங்கே தேங்கிய மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, டிரைவர் காலடி மிதியடியைத் தூக்கினால் தரை தெரிந்தது, அதாவது தோட்டத்துத் தரை.

கீழே படுத்துப் பார்க்கும் முன்: ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் நுழையாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். இதில்தான் பொறுமை வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்க இருக்கும் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சரி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மூன்று கரண்டி விடுங்கள். ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நடுவில் குறைந்தால் கொஞ்சம் ஊற்றலாம், திருப்பக் கூடாது.

வாரம் முடிந்ததும் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா பார்த்து, எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் பம்பர் வழியாகப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் லேசாகத்தான் இருக்க வேண்டும். இறுகியிருந்தால் முன்னும் பின்னும் ஒரு விரல் அகலம் ஆட்டிப் பாருங்கள், மறுபடி எண்ணெய் விடுங்கள். ஊரில் கட்டாயம் ஒருவர் வந்து "டிராக்டர்ல கட்டி இழுத்தா தானா இறங்கிரும்" என்பார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அப்படி இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டரின் உள்சுவர் கீறும். சுற்றும்போது, வால்வுகளை அழுத்தும் எட்டு ராக்கரும் ஒவ்வொன்றாக இறங்கி ஏற வேண்டும். இறங்கியது ஏறாமல் நின்றால் அந்த வால்வு ஒட்டியிருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். அன்றைக்கு நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

பெட்ரோல் டேங்கை இப்போதைக்குத் தொடாமல் விடலாம். உள்ளே இருப்பது வார்னிஷ் வாடை அடிக்கும் குழம்பு, அது கார்புரேட்டருக்குப் போகவே கூடாது. முதல் தடவை ஸ்டார்ட் செய்யத் தனி கேனில் இருந்து டியூப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பழைய ரப்பர் டியூப் வேண்டாம், இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் அதை இளக்கிவிடும். பிரேக்கில் நான்கு சக்கரமும் டிரம்தான், ரப்பர் எல்லாம் மாற்றி, பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் உள்ள காற்றை எடுத்து முடியும் வரை வண்டி தள்ளித்தான் நகர வேண்டும். 2014 வரை உற்பத்தி இருந்த வண்டி என்பதால் பொதுவான சாமான் கிடைக்கும், கிடைக்காத பழைய பூட்டு, கைப்பிடிக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றலாம். பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள். பெயிண்டர் நினைப்பே இப்போது வேண்டாம்.

கடைசியாக பேட்டரி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும், எது போகிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். பாடிக்குப் போகும் வயரை மாட்டிய பிறகு, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மற்ற வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். எங்கள் வண்டியில் எரிந்தது. மூன்று நாள் தேடி, டிக்கிக்குப் போகும் வயரை எலி கடித்து வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தோம், பல்பு அணைந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்து வந்தேன்.